மூன்று அங்குலம்

சேலை கட்டுகிறவளுக்கு இடுப்பளவு தேவைப்படுவதே இல்லை. அதே ஐந்தரை மீட்டர் துணியை ஒல்லியானவளும் சுற்றிக்கொள்ளலாம், பருத்தவளும் சுற்றிக்கொள்ளலாம். பாவாடைக்கு நாடா இருக்கிறது, இழுத்து முடிந்தால் ஆயிற்று. ஜாக்கெட் தைக்க மட்டும்தான் அளவு வேண்டும். அதற்கும் நான் தையற்காரர் முன்னால் போய் நின்றதில்லை. அளவு ஜாக்கெட் என்று பழையது ஒன்றைப் புதுத் துணியோடு மடித்து, பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அறுபத்தோரு வயது வரைக்கும் என் உடம்பின் அளவு எதையும் நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

அப்படிப்பட்டவள் பெல்ட் வாங்கப் போனேன். கால்சட்டை நழுவாமல் இருக்கப் போடுகிற பெல்ட் இல்லை. எடை தூக்குகிறவர்கள் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார்களே, அந்தக் கனத்த தோல் பெல்ட்.

முதலில் நான் எப்படி எடை தூக்க வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டது. பத்து நாள் படுக்கை. வலி போனது, பயம் போகவில்லை. குடம், அரிசிப் பை, மாவுத் தூக்கு என்று எதைத் தொடப் போனாலும் மருமகள் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள். அவள் நல்லவள். ஆனாலும் சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருமுனையில், முன்பு மாவு மில் இருந்த கட்டிடத்தில், ஒரு அம்மா ஜிம் ஒன்று திறந்தார். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கு மட்டும். பிள்ளை பெற்று உடம்பு போட்டுவிட்டது என்று மருமகள் போய்ச் சேர்ந்தாள். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள். நான் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலாம் நாள் அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "சும்மாதான உக்காந்திருக்கீங்க. இதைத் தரையில இருந்து எடுத்து எடுத்து வைங்கம்மா. முதுகை வளைக்காம," என்றார். என் ரிப்போர்ட்டை எல்லாம் வாங்கிப் பார்த்து, டாக்டரிடம் ஒரு முறை கேட்டு வரவும் சொன்னார். மெதுவாகச் செய்யலாம், நல்லதுதான் என்று டாக்டரும் சொன்னார்.

குழாய் போய்ப் பதினைந்து கிலோக் கம்பி வந்தது. பிறகு அதன் இரண்டு பக்கமும் சின்னத் தட்டுகள் ஏறின. மருமகள் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. ஒன்றரை வருடத்தில் அறுபத்தைந்து கிலோவைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நின்றேன். அந்த அம்மாவை நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். என் மருமகள் வயதுதான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவளுக்குச் சொல்லித்தருகிற எல்லாரும் டீச்சர்தான்.

ஒரு நாள் டீச்சர், திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடக்கப்போகிறது என்று சொன்னார். அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டாம். தரையிலிருந்து தூக்கி நிமிர வேண்டும், அவ்வளவுதான்.

"எம்புட்டு தூக்கணும்னு ஆசைம்மா?" என்று கேட்டார்.

"எண்பது," என்றேன்.

யோசிக்கவே இல்லை. அந்த எண் முப்பத்தெட்டு வருடமாக என் மனதில் இருந்தது.

என் வீட்டுக்காரர் திருமங்கலம் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அரிசி மூட்டை ஒன்று எழுபத்தைந்து கிலோ. வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும், அது முற்றி அவருக்குப் பதில் கிடைக்காமல் போனால், கடைசியாக ஒன்று சொல்வார். "போ, எழுபத்தஞ்சு கிலோ மூட்டையத் தூக்கிட்டு வந்து பேசு." மகனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று பேசினாலும் மூட்டை. என் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும் என்றாலும் மூட்டை. கோபமாகச் சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் அடுப்படிக்குப் போய்விடுவேன். எனக்குச் சண்டை போட வராது.

இப்போது நடந்துகொண்டிருந்த பேச்சு அவருடைய முட்டியைப் பற்றியது. வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. இடது முட்டி வீங்கி, படி ஏற முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போய் ஒரு வருடம் ஆயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் முட்டிக்குப் பயிற்சி சொல்லித்தருகிற ஒருவர் இருக்கிறார், என் முதுகை நிமிர்த்தியவர் அவர்தான். ஒரு தடவை போய்க் காட்டுவோம் என்று நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

"முட்டி எனக்கா ஒனக்கா?"

"உங்களுக்குத்தான். வலியில முனங்குறதக் கேக்குறது நான்ல."

"மூட்டையத் தூக்கிட்டு வா, பேசுவோம்."

அதனால்தான் எண்பது என்றேன். எழுபத்தைந்து தூக்கினால் சரிக்குச் சரி ஆகிவிடும். எனக்கு ஐந்து கிலோ கூட வேண்டியிருந்தது.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். "தூக்கிரலாம். ஆனா எழுபதுக்கு மேல போகணும்னா பெல்ட் போட்டுத்தான் போகணும். உங்க முதுகுக்கு அது இல்லாம நான் விட மாட்டேன். போட்டிக்கு நாலு வாரம் இருக்கு. நல்ல தோல் பெல்ட்டா, சுத்தி ஒரே அகலமா, நாலு இன்ச்சுல வாங்கிருங்க. அளவு எடுத்துட்டுப் போங்க."

எங்கே அளவு எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் டேப்பை எடுத்துவிடுவாரோ என்று பயம்.

வீட்டில் தையல் பெட்டியிலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பாவாடை நாடா முடிகிற இடத்தில், சேலைக்கு மேலாகவே டேப்பைச் சுற்றினேன். என் உடம்பில் நான் ஏதாவது ஒன்றைக் கட்டுகிற இடம் அது ஒன்றுதான். நாடா அழுத்தி அழுத்திக் கறுத்த தழும்பே உண்டு. பெல்ட்டும் அங்கேதான் உட்காரும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நாற்பது அங்குலம் வந்தது. கொசுவத்தையும் சேர்த்து அளந்திருக்கிறோம் என்பதும் அப்போது தோன்றவில்லை.

மறுநாள் பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். மாசி வீதிப் பக்கம் விளையாட்டுச் சாமான் விற்கிற கடை. மருந்துக் கடையில் சீட்டு நீட்டுகிற மாதிரி, 'பெல்ட், 40' என்று எழுதின காகிதத்தை நீட்டினேன்.

கடைக்காரர் நல்ல மனிதர், என் வயதிருக்கும். சீட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா, பேரனுக்கா?" என்றார்.

கடையில் ஆண்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டேன். என் பேரனுக்கு வயது இரண்டு.

"நாப்பதுன்னா நல்ல வாட்டசாட்டமான பிள்ளையாத்தான் இருப்பாரு," என்று சொல்லி, கறுப்பாகப் பளபளவென்று ஒன்றை எடுத்துப் போட்டார். முதுகுப் பக்கம் அகலமாக, பஞ்சு வைத்து மெத்தென்று இருந்தது. முன்பக்கம் வர வரக் குறுகி மூன்று விரல் அகலமாகிவிட்டது. பக்கிள் இல்லை, ஒட்டிப் பிரிக்கிற பட்டை. "இதான் இப்ப எல்லாரும் வாங்குறாங்க. தோலெல்லாம் இம்புட்டு சொகமா இருக்காதும்மா."

டீச்சர் சொன்னது இது இல்லை என்று எனக்குத் தெரியும். தோல், ஒரே அகலம், நாலு அங்குலம். மூன்றே விஷயம்தான். மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்ததும் வீட்டுக்காரர் பையைப் பிரித்துப் பார்த்தார். "என்னத்தா இது, ஒட்டியாணமா? கல்யாணத்துக்குப் போடலைன்னு இப்ப ஆசையா?" என்றார். மருமகள் அடுப்படியிலிருந்து, "மாமா, அத்தை அதைப் போட்டுட்டு உங்களையே தூக்கிருவாக, பாத்து இருங்க," என்றாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

அடுத்த நாள் ஜிம்மில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஜிம்முக்கு நான் சுடிதார்தான் போட்டுக்கொள்வேன். சேலையும் கொசுவமும் இல்லாத வயிற்றில் அந்த பெல்ட் கடைசி வரை இழுத்தும் இறுகவில்லை. நழுவி இடுப்பெலும்பில் போய்த் தொங்கியது. அப்படியே எழுபது கிலோவுக்குக் குனிந்து மூச்சை இழுத்தேன். பர்ரென்று பட்டை பிரிந்துகொண்டது. கம்பியைப் போட்டுவிட்டேன். முதுகில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தின பயம் அப்படியே திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. பெல்ட்டைக் கழற்றி வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பஞ்சு வச்சதைப் போட்டியில செக் பண்ற இடத்துலயே திருப்பி அனுப்பிருவாங்க. அது கெடக்கட்டும். பெல்ட் எதுக்குன்னு நான் உங்களுக்குச் சொல்லவே இல்ல, அது என் தப்பு."

அப்போதுதான் சொன்னார். பெல்ட் முதுகைத் தாங்குவதில்லை. நாம் மூச்சை உள்ளே வாங்கி வயிற்றை வெளியே தள்ள வேண்டும். தள்ளுவதற்கு எதிரே ஒரு சுவர் வேண்டும். பெல்ட்தான் அந்தச் சுவர். வயிறு கல் மாதிரி ஆனால் முதுகு தானாக நிற்கும். அதனால் முதுகுப் பக்கம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம் வயிற்றுப் பக்கமும் வேண்டும். முன்னால் குறுகிப்போனால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சந்து இருக்கிற மாதிரி.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கனமாக எதையாவது தூக்கப் போகும்போது முந்தானையை இழுத்து வயிற்றைச் சுற்றி இறுக்கிச் செருகிக்கொள்வோமே. தடுக்காமல் இருக்கத்தான் செருகுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இறுக்கிச் செருகியதும் குடம் கொஞ்சம் லேசாகத் தெரியும். அது ஏன் என்று இத்தனை வருடம் யோசித்ததில்லை. அந்தச் செருகலும் நாடாவுக்கு மேலே, தொப்புளுக்கு நேராகத்தான் வரும்.

"அப்ப அளக்க வேண்டியது இங்கயா டீச்சர்?" என்று தொப்புள் பக்கம் கை வைத்துக் கேட்டேன்.

"அங்கதான். வயித்தை உள்ள இழுக்காம, நல்லா விட்டு அளங்க."

டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அதை நான் மறக்க மாட்டேன். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தே பழகிய எனக்கு, வேண்டுமென்றே வெளியே தள்ளி நிற்பது என்னவோ போல் இருந்தது. முப்பத்தைந்து அங்குலம். சத்தமாகச் சொன்னேன்.

அன்றைக்கே பெல்ட்டை மாற்றிக்கொண்டு வரக் கிளம்பினேன். மருமகள் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் வந்தால் எனக்காக அவளே பேசிவிடுவாள், நான் மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்னொன்றும் செய்தேன். சேலை மாற்றாமல் ஜிம் சுடிதாரோடேயே பஸ் ஏறினேன். சேலைக்கு மேல் பெல்ட்டைப் போட்டுப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நிறுத்தத்தில் எதிர்வீட்டு அக்கா மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, ஆளே மாறிட்ட. எங்க கெளம்பிட்ட?"

"பெல்ட் வாங்கக்கா," என்றேன். பஸ் வந்துவிட்டது.

கடையில் அன்றும் கூட்டம். பஞ்சு பெல்ட்டை மேஜையில் வைத்த பிறகுதான் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கம்மா. பேரனுக்குப் பத்தலையா?"

"பேரனுக்கு இல்லண்ணே. எனக்குத்தான்."

"முதுகு வலிக்கா? அதுக்கு மெடிக்கல்ல வேற பெல்ட் விப்பாங்களே."

"வலிக்கு இல்ல. வெயிட் தூக்க. போட்டிக்குப் போறேன்."

அவர் கையில் டீ கிளாஸ் இருந்தது. அதைக் கீழே வைத்தார். "எம்புட்டு தூக்குவீக?"

"இப்ப அறுபத்தஞ்சு. எண்பது தூக்கணும். தோல்ல, சுத்தி ஒரே அகலமா, பஞ்சு வைக்காதது காட்டுங்க. அளவு முப்பத்தஞ்சு."

பக்கத்தில் எடை தூக்கித் தூக்கிக் கை தடித்த ஒரு ஆள், நாற்பது வயதிருக்கும், கையுறை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்த்து ஒரு அடி தள்ளி எனக்கு இடம் விட்டார். என் காது சூடாகிவிட்டது. ஆனால் வார்த்தை எல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி உள்ளே போகாது.

கடைக்காரர் நாலு பெல்ட்டை மேஜையில் போட்டார். நான் அவசரப்படவில்லை. புளியை, மிளகாயை எப்படிப் பார்த்து வாங்குவேனோ அப்படித்தான் பார்த்தேன். முதல் பெல்ட்டை இரண்டு கையாலும் மடக்கினேன். காய்ந்த வாழைப்பட்டை மாதிரி மடங்கி, மடங்கின இடத்தில் வெடிப்பு வெடிப்பாகக் கோடு விழுந்தது. உள்ளே அட்டை, மேலேதான் தோல். அதைத் தள்ளி வைத்தேன். இரண்டாவது கனமான தோல். பக்கிளில் இரண்டு ஊசி. அழகாகத்தான் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஊசியையும் இரண்டு ஓட்டையில் சேர்த்து நுழைப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. மூன்றாவதில் பக்கிளுக்குப் பதில் இரும்பு நெம்புகோல். அளவு கூட்டக் குறைக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டுமாம். சோறு ஒரு கை கூடச் சாப்பிட்ட அன்றைக்கு நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நாலாவது எல்லாம் சரி. நல்ல தோல், ஒரே ஊசி, ஓரத்தில் இரண்டு வரிசைத் தையல், நாலு அங்குல அகலம். முழங்கையின் உள்பக்கம் ஓரத்தை இழுத்துப் பார்த்தேன், கீறவில்லை. நடு ஓட்டையில் சரியாகப் பூட்டியது. டீச்சர் சொன்ன பெல்ட் இதேதான்.

"அப்ப பில் போட்ரவாம்மா?"

"இருங்கண்ணே. குனிஞ்சு பாக்கணும்."

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கை தடித்த ஆள் கடையின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த ஒரு கம்பியை எடுத்து, என் காலடியில் இரண்டு பெட்டி மேல் குறுக்கே வைத்தார். "இதைப் பிடிச்சுப் பாருங்கம்மா," என்றார். குனிந்தேன். பாதி குனிவதற்குள் பெல்ட்டின் மேல் ஓரம் கடைசி விலா எலும்பில் போய் முட்டியது. கீழ் ஓரம் இடுப்பெலும்பில் முட்டியது. இறக்கிக் கட்டினேன், ஏற்றிக் கட்டினேன். முட்டியது முட்டியதுதான்.

நான் குள்ளம். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் எனக்கு இருப்பது நாலு விரல் இடம்தான், மூன்று அங்குலம் சொச்சம். நாலு அங்குலத்தை அங்கே எப்படி உட்கார வைப்பது?

"போகப் போக வளைஞ்சு குடுக்கும்மா," என்றார் கடைக்காரர்.

"தோல் வளையும்ணே. எலும்பு வளையாதுல்ல."

கை தடித்த ஆள் சிரித்துவிட்டார். "அண்ணே, அம்மா சொல்றது சரிதான். மூணு இன்ச்சு ஒண்ணு வச்சிருந்தீங்களே, அதை எடுங்க."

"அது யாரும் கேக்குறதில்லைன்னு மேல கட்டிப் போட்டுட்டேனேப்பா." ஏணி போட்டு ஏறி இறக்கினார். தூசியைத் தட்டினார். அழுக்குப் பழுப்பு நிறம். பளபளப்பு ஒன்றும் இல்லை. தடிமனும் மற்றதைவிடச் சற்றுக் குறைவு. மூன்று அங்குலம், முன்னும் பின்னும் ஒரே அகலம், ஒரே ஊசி.

கட்டினேன். நடு ஓட்டை. பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தது. குனிந்தேன், எங்கேயும் முட்டவில்லை. கம்பியைப் பிடித்து, மூச்சை வாங்கி, வயிற்றைத் தள்ளினேன். நாலு பக்கமும் ஒரே மாதிரி சுவர். கடைக்குள் நிற்கிறோம், ஆண்கள் நிற்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துபோய் அந்தச் சுவரையே தள்ளிக்கொண்டு நின்றேன்.

"இதான்," என்றேன்.

டீச்சர் நாலு அங்குலம் என்றுதானே சொன்னார், கோபித்துக்கொள்வாரோ என்று திரும்பும் வழியெல்லாம் யோசனை. மறுநாள் கட்டிக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தார். மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல் வைத்துப் பார்த்தார். "நான் என் உயரத்துக்குச் சொல்லிட்டேன்மா. நீங்க உங்க உடம்புக்கு வாங்கிருக்கீங்க," என்றார். எனக்கு அதைவிடப் பெரிய மார்க் யாரும் போட்டதில்லை.

புதுத் தோல் பலகை மாதிரி இருந்தது. தினமும் சுருட்டிச் சுருட்டிப் பழக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒரு நாள் மத்தியானம் தூங்கி எழுந்து வந்து பார்த்தால், வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்து அந்த பெல்ட்டைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி விரித்துக்கொண்டிருக்கிறார்.

"ஒட்டியாணத்தைத் தொடக் கூடாதுன்னு சட்டமா?" என்றார் என்னைப் பார்த்ததும். பிறகு தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். "நாங்க துண்டை நாலா மடிச்சு இறுக்கிக் கட்டுவோம். கட்டாமத் தூக்குனவன் ஒருத்தனும் நிமுந்து நடந்ததில்ல." மறுபடி சுருட்டத் தொடங்கி, "இன்னும் ஒரு வாரம் சுருட்டணும். நானே சுருட்டுறேன்," என்றார். முட்டியைப் பற்றி நான் அன்று வாய் திறக்கவில்லை. இன்னும் தூக்கவில்லையே.

போட்டி அன்று மண்டபத்தில் பந்திக்குப் போடுகிற நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மணமேடையில்தான் கம்பி. மேலே சீரியல் விளக்கு கூடக் கழற்றாமல் தொங்கியது. முதலில் பெல்ட்டைப் பார்ப்பவரிடம் போக வேண்டும். அவர் அகலத்தை அளந்தார், தடிமனை அளந்தார், உள்பக்கம் தடவிப் பார்த்தார். "மூணு இன்ச்சா? ஏம்மா, நாலு வரைக்கும் விடுவோமே," என்றார்.

"எனக்கு மூணுதான் சார் சரி," என்றேன்.

எங்கள் பிரிவில் மூன்றே பேர். ஒருவர் திருமங்கலத்திலிருந்து வந்த, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா. இன்னொருவர் என்னைவிடக் கூச்சப்பட்டுக்கொண்டு துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. கறுப்பு பேண்ட்டும் பனியன் சட்டையும் போட்டுக்கொண்டு நானும் அப்படித்தான் மூலையில் நின்றிருந்தேன். பெல்ட்டைக் கட்டினதும்தான் உடுத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

மூன்று வாய்ப்பு. அறுபத்தைந்து, சுலபமாக வந்தது. எழுபத்தைந்து, முட்டி வரைக்கும் கனம் தெரிந்தது, பிறகு வந்துவிட்டது. ஒரு மூட்டை ஆயிற்று. மூன்றாவதற்கு எண்பது என்று எழுதிக் கொடுத்தோம்.

மேடை ஏறும்போது பார்த்தேன். கடைசி வரிசையில் வாசல் பக்கம், இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருமகள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது.

டீச்சர் பின்னால் நின்று, "ஓட்டையை மாத்தாதீங்க. அதே நடு ஓட்டை," என்றார். ஊசியைச் செருகினேன். ஒரே ஊசி, ஒரே தடவையில் நுழைந்தது. குனிந்தேன். எங்கும் முட்டவில்லை. மூச்சை அடிவயிறு வரை வாங்கித் தள்ளினேன். சுவர் இருந்தது. இழுத்தேன்.

கம்பி நகரவில்லை. இரண்டு பக்கத் தட்டும் தரையில் ஒட்டின மாதிரி இருந்தன. விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. குடம் தூக்கின அன்றைய வலி ஞாபகம் வந்தது. ஆனால் அன்றைக்கு முதுகில் ஏதோ கழன்ற மாதிரி இருந்ததே, அது இன்றைக்கு இல்லை. வயிறு, விலா, முதுகு எல்லாம் ஒரே கட்டையாக இருந்தது. இன்னும் தள்ளினேன். தட்டுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. முழங்காலைத் தாண்டியது. தொடையில் உரசிக்கொண்டு மேலே வந்தது. நிமிர்ந்து நின்றேன். முன்னால் உட்கார்ந்திருந்த நடுவர் கையை இறக்கி, கீழே வைக்கச் சொல்லும் வரை நின்றேன். அவர் சற்று நேரம் கழித்தே சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன்.

மூன்று நடுவர்களும் வெள்ளைக் கொடியைத் தூக்கினார்கள்.

முதல் பரிசு எனக்கு இல்லை. நர்ஸம்மா தொண்ணூறு தூக்கினார். கீழே இறங்கியதும் நேராக என்னிடம் வந்து, "உங்க பெல்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க. எனக்கு இந்த நாலு இன்ச்சு விலாவைக் குத்திக்கிட்டே இருக்கு. இது எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். கடைக்கு வழி சொன்னேன். யாரும் கேட்பதில்லை என்று மேலே கட்டிப் போட்டிருப்பார்கள், ஏணி போட்டு எடுக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். குனிந்து பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள் என்றும் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் அவ்வளவு பேசினது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். மலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். மருமகள் போனில் வீடியோவை மறுபடி மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எண்பது," என்றேன் நான்.

"பாத்தேன்."

"உங்க மூட்டைக்கு அஞ்சு கிலோ கூட."

"கம்பி வேற, மூட்டை வேற. நான் தலையில வச்சு ஏணி ஏறுனவன்."

"சரி. இப்ப ஏறிக் காட்டுங்க."

மருமகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடத்தில் அந்த மூட்டைப் பேச்சுக்கு அடுத்து நான் ஒரு பேச்சுப் பேசி அவர் கேட்டதில்லை. அவர் தன் முட்டியைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

"நீங்க சொன்ன மாதிரி தூக்கிட்டு வந்துதான் பேசுறேன்," என்றேன். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அவர் ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலை வைத்தார். இடது கால் வரவில்லை. நான் பின்னாலிருந்து அவர் அக்குளில் கை கொடுத்து, வயிற்றைத் தள்ளி, தூக்கி உள்ளே உட்கார வைத்தேன். ஒன்றும் கனமாகவே இல்லை.

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு துண்டைச் சரிசெய்தார்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.